மாணவர் ஆய்வரங்கிற்கு ஆய்வுச் சுருக்கமும் கலைஞர் கூற்றும் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி மாணவர்களின் ஆய்வரங்குகளுக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களை வாசித்துத் தெரிவு செய்யும் குழுக்களில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். நல்ல களப்பணி செய்த மாணவர் ஒருவர், அதைப் பற்றி எழுதிய அரைப் பக்கத்தில் களத்தை முற்றாக மறைத்துவிட்டு, பொதுவான நான்கு வாக்கியங்களை அனுப்பி வைப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அண்மைக் காலமாக நுண்கலை, நடனம், நாடகம் பயிலும் மாணவர்களும் தம் படைப்புகளோடு இவ்வரங்குகளுக்கு வருகிறார்கள். அவர்களிடம் கேட்கப்படுவது கலைஞர் கூற்று. இரண்டையும் பற்றி மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

ஆய்வுச் சுருக்கம் என்பது கட்டுரையின் முன்னுரைதானே?

அன்று. முன்னுரை வாசகரைக் கட்டுரைக்குள் அழைத்துச் செல்லும் வாயில். கட்டுரையின் முடிவை அது சொல்ல வேண்டியதில்லை. சுருக்கமோ கட்டுரை முழுவதையும் சிறிய அளவில் தருவது. கட்டுரையை ஒருபோதும் வாசிக்க வாய்ப்பில்லாத ஒருவரும், நீங்கள் எதைத் தேடினீர்கள், எப்படித் தேடினீர்கள், என்ன கண்டீர்கள் என்பதைச் சுருக்கத்திலிருந்தே அறிந்துகொள்ள வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள நம்மிடமே ஒரு நல்ல அளவுகோல் உண்டு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், ஒரு நூலின் சிறப்புப் பாயிரம், அதாவது அந்நூலை அறிமுகப்படுத்தும் முகவுரை, சொல்ல வேண்டியவை எட்டு என்று வரையறுக்கிறது: நூலாசிரியர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள் (நூல் எடுத்துப் பேசும் பொருள்), கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு என்றும் அது குறிப்பிடுகிறது. இவற்றில் நுதலிய பொருள், வழி, களம், காலம், காரணம், பயன் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் ஆய்வைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். சுருக்கத்தின் பாதி அங்கேயே அமைந்துவிடும். பாயிரத்தில் இல்லாமல் சுருக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டியது ஒன்றே: கண்டறிந்த முடிவு.

எத்தனை சொற்களில் எழுத வேண்டும்?

அழைப்பிதழில் உள்ள வரம்பே வரம்பு. பெரும்பாலான அரங்குகள் 150 முதல் 300 சொற்கள் வரை கேட்கின்றன. தமிழில் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் மொழியில் வேற்றுமை உருபுகளும் இடைநிலைகளும் விகுதிகளும் சொல்லோடு ஒட்டி நிற்பதால், ‘வீட்டிலிருந்துதான்’ என்ற ஒரு சொல் ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களாக விரியும். ஆங்கிலத்தில் 250 சொற்கள் கொண்ட சுருக்கம் தமிழில் அதைவிடக் குறைந்த சொற்களிலேயே முழுமையாக அடங்கிவிடும். எனவே ஒரே வரம்பு இரு மொழிகளுக்கும் தரப்பட்டிருந்தால் தமிழில் எழுதுபவருக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தை அடைமொழிகளால் நிரப்பாமல், இன்னொரு முடிவைச் சொல்லப் பயன்படுத்துங்கள்.

வரம்பைத் தாண்டினால் சில இணையப் படிவங்கள் எஞ்சிய பகுதியை அப்படியே வெட்டிவிடும். வெட்டுப்படுவது எப்போதும் கடைசிப் பகுதி. பலர் முடிவை வைத்திருப்பதும் அங்கேதான்.

எதை முதலில் சொல்வது, எதை அடுத்துச் சொல்வது?

1987இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டெர்னல் மெடிசின் என்ற மருத்துவ ஆய்விதழ், நோக்கம், முறை, முடிவுகள் என்பன போன்ற உட்தலைப்புகளோடு சுருக்கம் எழுதும் முறையை முன்வைத்தது. மருத்துவர்கள் நேரமின்றி வாசிப்பவர்கள். வேண்டியது எங்கே இருக்கும் என்று அவர்களுக்கு உடனே தெரிய வேண்டும் என்பதே அதற்குக் காரணம். அம்முறை பிற துறைகளுக்கும் பரவியது. உங்கள் அரங்கு உட்தலைப்பு கேட்காவிட்டாலும் அந்த வரிசை உதவும்.

சிக்கல் என்ன என்பதை ஓரிரு வாக்கியங்களில் சொல்லுங்கள். உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் வையுங்கள். எங்கே, எப்போது, எத்தனை பேரிடம் அல்லது எத்தனை மாதிரிகளில், எந்த முறையில் ஆய்ந்தீர்கள் என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் தெரிவியுங்கள். கண்டவற்றுக்கு மீதியிடத்தில் பெரும்பகுதியைக் கொடுங்கள். அதனால் என்ன பெறப்படுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு வரும் சுருக்கங்களில் இந்த விகிதம் தலைகீழாக இருப்பதே மிகப் பெரிய குறை. பின்னணிக்கு ஏழு வாக்கியங்கள், முறைக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்றுமில்லை. ‘இவ்வாய்வின் முடிவுகள் கட்டுரையில் விரிவாக விளக்கப்படும்’ என்ற வரியோடு சுருக்கம் நின்றுவிடும். கட்டுரையை வாசிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் சுருக்கத்தை வாசிக்கிறார்கள். அங்கே முடிவைச் சொல்லாமல் விடுவது, கடைக்கு வந்தவருக்குப் பொருளைக் காட்டாமல் விலை பேசுவதைப் போன்றது.

ஓர் எடுத்துக்காட்டுத் தர முடியுமா?

தருகிறேன். கடைத்தெருப் பெயர்ப்பலகைகளின் மொழியை ஆய்ந்த தமிழ்த்துறை மாணவி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கீழே வரும் எண்கள் யாவும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

முதல் வடிவம்: ‘இன்றைய உலகமயமாதல் சூழலில் மொழி என்பது மனித வாழ்வில் இன்றியமையாத இடத்தைப் பெறுகிறது. தமிழ் மொழி தொன்மையும் வளமும் வாய்ந்தது. ஆனால் இன்று ஆங்கிலத்தின் தாக்கம் அனைத்துத் துறைகளிலும் காணப்படுகிறது. அவ்வகையில் பெயர்ப்பலகைகளில் காணப்படும் மொழிநிலையை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.’

இதில் பிழையான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் முதல் மூன்று வாக்கியங்களை விளம்பரம், திரைப்படம், சமையல் குறிப்பு என எந்த ஆய்வின் தலையிலும் வைக்கலாம். இம்மாணவி வெயிலில் நடந்து எடுத்த ஒளிப்படங்கள் எங்கே? கடைக்காரர்களிடம் பேசியது எங்கே?

திருத்திய வடிவம்: ‘கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழை முதன்மையாக எழுத வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி உள்ளது. பலகையில் தமிழ் எழுத்து இருப்பதால் தமிழ்ச் சொல்லும் இருக்கிறதா என்பதே இவ்வாய்வின் கேள்வி. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் உள்ள 180 பலகைகளை ஒளிப்படம் எடுத்து, எழுத்து, சொல், எழுத்தின் அளவு, வணிக வகை என்னும் நான்கு கூறுகளில் பகுத்தேன். 20 கடைக்காரர்களை நேர்காணல் செய்தேன். 117 பலகைகளில் தமிழ் எழுத்தே பெரியது. ஆனால் அவற்றுள் 64 பலகைகளில் தமிழ் எழுத்தில் உள்ளவை மொபைல்ஸ், டெக்ஸ்டைல்ஸ், பேக்கரி போன்ற ஆங்கிலச் சொற்கள். மளிகை, பாத்திரக் கடைகளில் தமிழ்ச் சொற்கள் மிகுந்துள்ளன. நேர்காணல் தந்தவர்களில் 14 பேர், பலகையின் வாசகத்தை அமைத்தவர் பலகை செய்து தந்த அச்சகத்தாரே என்றனர். எனவே, பலகையின் மொழியைக் கடைக்காரரின் மொழிப்பற்றோடு மட்டும் இணைப்பது போதாது. பலகை செய்யும் தொழிலையும் சேர்த்து ஆராய வேண்டும்.’

அச்சகத்தாரைப் பற்றிய அந்த வரியைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்வேன். நேரில் போய்க் கேட்காமல் யாரும் அதை எழுதியிருக்க முடியாது. உங்கள் ஆய்விலும் அப்படி ஒரு செய்தி இருக்கும். அது எது என்று தெரியவில்லையென்றால், களப்பணி முடிந்து விடுதிக்குத் திரும்பியதும் அறைத் தோழரிடம் முதலில் எதைச் சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

என் ஆய்வு இன்னும் முடியவில்லை. முடிவு இல்லாமல் எப்படி எழுதுவது?

சுருக்கம் அனுப்பும் நாள் அரங்கு நடக்கும் நாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வந்துவிடுவதால் இந்த நிலை பலருக்கும் உண்டு. இதுவரை செய்ததை இறந்த காலத்திலும், செய்யப்போவதை எதிர்காலத்திலும் எழுதுங்கள். ‘60 மாதிரிகளில் 25 மாதிரிகளை ஆய்ந்துள்ளேன், இவற்றில் இப்போக்கு தெரிகிறது, எஞ்சியவை அரங்கிற்கு முன் முடியும்’ என்பது நேர்மையான, மதிப்புள்ள வாக்கியம். செய்யாததைச் செய்ததாக எழுதிவிட்டு, வராத முடிவை வந்ததாகக் காட்டுவதை மட்டும் எந்நிலையிலும் செய்யாதீர்கள். அரங்கில் எழும் முதல் கேள்வியே அதைப் பற்றியதாக இருக்கக்கூடும்.

என் கருதுகோள் பொய்த்துப்போனது. அதைச் சொல்லலாமா?

சொல்ல வேண்டும். கருதுகோள் பொய்த்தது என்பதும் ஒரு முடிவே. மறைத்தால்தான் அது குறை.

‘நான்’ என்று எழுதலாமா? ‘ஆய்வாளர்’ என்று எழுத வேண்டுமா?

துறை வழக்கத்தையும் நெறியாளரின் விருப்பத்தையும் பொறுத்தது. என் கருத்தைச் சொல்வதானால், ‘ஆய்வாளரால் தரவுகள் சேகரிக்கப்பட்டன’ என்பதைவிடத் ‘தரவுகளைச் சேகரித்தேன்’ என்பது தமிழுக்கு இயல்பானது. தமிழ் வினைமுற்றே செய்தவரைக் காட்டிவிடுவதால் ‘நான்’ என்ற சொல்லே பெரும்பாலும் வேண்டியதில்லை. செயப்பாட்டு வினையைத் தொடர்ந்து அடுக்கினால் வாக்கியம் நீளும். யார் எதைச் செய்தார் என்பதும் மங்கும். குழுவாகச் செய்த ஆய்வில் இது வெறும் நடைச் சிக்கலாக நின்றுவிடாது. மாதிரி எடுத்தவர் ஒருவர், ஆய்வகத்தில் சோதித்தவர் மற்றொருவர் என்றால் அது தெரிய வேண்டும்.

தலைப்பை எப்படி அமைப்பது?

‘ஓர் ஆய்வு’, ‘ஒரு பார்வை’ என்று முடிக்காதீர்கள். அரங்கிற்கு வருபவை எல்லாம் ஆய்வுகளே. எதை, எங்கே, எந்தக் காலத்தில் என்பவை தலைப்பில் இருந்தால் போதும்.

நான் இலக்கிய மாணவர். எண்களும் களப்பணியும் இல்லாத ஆய்வுக்கு முறை என்று எதை எழுதுவது?

உங்களுக்கும் களம் உண்டு, அது பனுவல். ‘குறுந்தொகையில் உவமைகள்’ என்று தொடங்கும் சுருக்கங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. குறுந்தொகையின் 401 பாடல்களையும் எடுத்துக்கொண்டீர்களா, தோழி கூற்றுகளை மட்டுமா, நெய்தல் திணையை மட்டுமா? எந்தப் பதிப்பு? சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இல் வெளியிட்ட பதிப்பையும் உ.வே.சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பையும் ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைப் பார்த்தீர்களா, ஒன்றை மட்டும் பின்பற்றினீர்களா? உவமைகளை எந்த அடிப்படையில் வகைப்படுத்தினீர்கள்? இவையே உங்கள் ஆய்வு முறை. இவற்றைச் சொன்னாலே சுருக்கத்துக்கு உடல் வந்துவிடும்.

முடிவும் அவ்வாறே. ‘உவமைகள் சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளன’ என்பது பாராட்டுரை. அதை மறுக்க யாராலும் இயலாது. மறுக்க இயலாததை ஆய்வு முடிவாகக் கொள்ள முடியாது. தோழி தலைவனிடம் பேசும்போது வரும் உவமைகளும் தலைவியிடம் பேசும்போது வரும் உவமைகளும் எவ்வகையில் வேறுபடுகின்றன என்று நீங்கள் கண்டதைச் சொன்னால், இன்னொருவர் பாடல்களைப் புரட்டி அதைச் சரிபார்க்கலாம், மறுக்கலாம், மேலே கொண்டு செல்லலாம். இலக்கிய ஆய்வுக்கு அந்த மரியாதையை நாமே தராவிட்டால் வேறு யார் தருவார்கள்?

திறவுச்சொற்கள் எதற்கு?

தேடுபவர் கண்ணில் உங்கள் ஆய்வு படுவதற்கு. ஐந்து போதும். தலைப்பில் உள்ள சொற்களையே திரும்ப எழுதாமல், அதே பொருளைத் தேடும் பிறர் எந்தச் சொல்லால் தேடுவார் என்று எண்ணி எழுதுங்கள்.

கலைஞர் கூற்று என்றால் என்ன? ஆய்வரங்கில் அதற்கு என்ன வேலை?

ஒரு படைப்பைச் செய்தவர், எதைச் செய்தேன், எப்படிச் செய்தேன், எந்தக் கேள்வி என்னை இதற்குள் கொண்டுவந்தது என்று தம் குரலில் எழுதும் குறிப்பே கலைஞர் கூற்று. கலைக் கல்லூரிகளில் இதை ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட் என்றே சொல்கிறார்கள். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆஷ்வில் வளாகத்தில் 1987இல் தொடங்கிய இளநிலை மாணவர்களுக்கான தேசிய ஆய்வு மாநாடு, அறிவியலோடு நுண்கலை, நிகழ்கலைப் படைப்புகளையும் ஏற்கிறது. நமக்கு அருகில், கொச்சி பினாலே என்னும் கலைக் கண்காட்சியின் பகுதியாக 2014 முதல் மாணவர் பினாலே நடந்து வருகிறது. சிற்பம் செய்யும் மாணவர் மண்ணைத் தேர்ந்து, சுட்டு, வெடித்ததை ஒதுக்கி, கலவையை மாற்றி, மீண்டும் சுடும்போது அவர் செய்வதும் தேடலே. அந்தத் தேடலைப் பிறர் அறியும்படி வைக்கும் இடம் இந்தக் கூற்று.

படைப்பே பேசட்டுமே, ஏன் விளக்க வேண்டும்?

இக்கேள்வியை மதிக்கிறேன். கூற்று படைப்புக்கு உரை எழுதுவதாக, ‘இந்தச் சிவப்பு கோபத்தைக் குறிக்கிறது’ என்று பார்வையாளரின் கையைப் பிடித்து இழுப்பதாக இருக்கக் கூடாது. ஆனால் பார்வையாளருக்கு நுழைய ஒரு வழி தேவைப்படும். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவரும் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவியவருமான கே.சி.எஸ். பணிக்கர், 1960களில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவியத் தொடரைத் தொடங்கினார். அவற்றில் எழுத்துகளைப் போன்ற வரிகள் நிறைந்திருக்கும். அவை வாசித்துப் பொருள் கொள்வதற்காக எழுதப்பட்டவை அல்ல. இதை அறியாத ஒருவர் ஓவியத்தின் முன் நின்று எழுத்துக்கூட்டிப் பார்த்துக் களைத்துப் போவார். அந்த ஒரு தகவலைச் சொல்லிவிட்டால், அவர் எழுத்தை விட்டுவிட்டு வண்ணத்தையும் இடத்தையும் பார்க்கத் தொடங்குவார். கூற்று செய்ய வேண்டிய உதவி இவ்வளவே.

என்னைப் பற்றி நானே எழுதுவது தற்புகழ்ச்சியாகத் தோன்றுமே?

நம் மாணவர்கள், குறிப்பாக மாணவிகள், மனம் விட்டுச் சொல்லும் தயக்கம் இது. இத்தயக்கம் நம் மரபிலேயே உள்ளது. நன்னூலின்படி சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியர் எழுதுவதில்லை. அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருள் ஒருவரே எழுதுவார். எத்துறையில் வல்லவராயினும் ‘தான்தற் புகழ்தல் தகுதி அன்றே’ என்பது அதற்கான காரணம். ஆனால் அடுத்த நூற்பாவிலேயே நன்னூல் விலக்குகளும் தருகிறது. அவற்றில் ஒன்று, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது தன்னைப் பற்றிச் சொல்வது தகும் என்பது. அறியாத அவையில் நிற்கும் மாணவருக்கு இது பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

அதோடு, கூற்றில் புகழ்வதற்கே இடமில்லை. ‘தனித்துவமான’, ‘ஆழமான’, ‘உணர்வுபூர்வமான’ என்று உங்கள் படைப்பை நீங்களே சொல்லாதீர்கள்; அவை பார்வையாளர் சொல்ல வேண்டிய சொற்கள். நீங்கள் செய்தவற்றை மட்டும் எழுதினால் தற்புகழ்ச்சி வரவே வராது.

எப்படித் தொடங்குவது? எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை.

கருத்திலிருந்து தொடங்காதீர்கள், கையிலிருந்து தொடங்குங்கள். என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது, அதை என்ன செய்தீர்கள், எங்கே தவறிற்று, தவறிய பிறகு எதை மாற்றினீர்கள் என்று எழுதிக்கொண்டே போங்கள். ‘பெண்களின் உழைப்பு’, ‘அடையாளம்’, ‘நினைவு’ போன்ற பெருஞ்சொற்களை முதல் வரைவில் தொடவே வேண்டாம். ஏனெனில் அவை ஒருமுறை வந்துவிட்டால் மற்றதை எழுத விடா.

அச்சோவியம் பயிலும் மாணவி ஒருவர் எழுதியதாக நான் அமைத்த கூற்று இது:

‘என் அம்மா பீடி சுற்றுபவர். ஊறவைத்த இலையின்மேல் செவ்வகத் தகரத்தை வைத்து, அதன் விளிம்பையொட்டிக் கத்தரியால் வெட்டுவார். செவ்வகத் துண்டு முறத்துக்குப் போகும். வளைந்த ஓரங்கள் தரையில் விழும். நான் ஒரு மாதம் அந்த ஓரங்களை நாள்வாரியாகச் சேர்த்து, மை தடவித் தாளில் ஒற்றினேன். முதலில் முழு இலையை அச்சிட்டுப் பார்த்தேன். அது தாவரவியல் பாடநூலின் படம்போல் இருந்தது. பிறகு ஓரங்களை மட்டும் சுற்றி வைத்து ஒற்றியபோது, நடுவில் ஒரு வெள்ளைச் செவ்வகம் தானாக உருவாயிற்று. கூலி தரப்படுவது அந்தச் செவ்வகத்துக்கு. அதை வெறுமையாகவே விட்டுவிட்டேன். ஒரு தாள் ஒரு நாளின் ஓரங்கள். தாளின் அளவு அவர் மடியில் வைத்திருக்கும் முறத்தின் அளவு. இரண்டு தாள்கள் வெறுமையாக உள்ளன. அந்நாள்களில் அவருக்கு இலை வரவில்லை.’

உழைப்பு, பெண், சுரண்டல் ஆகிய சொற்களில் ஒன்றுகூட இதில் இல்லை. வாசிப்பவருக்கு அவை இல்லாத குறை தெரிகிறதா? முழு இலை அச்சு தோற்றதைச் சொன்ன வரிதான் இக்கூற்றை ஆய்வரங்கிற்கு உரியதாக்குகிறது. ஒன்றைச் செய்து பார்த்தார், அது போதவில்லை, காரணத்தை உணர்ந்தார், மாற்றினார். மாணவர்கள் தோல்விகளை வெட்கப்பட்டு நீக்கிவிடுகிறார்கள். நானோ அவற்றைத் தேடித்தான் வாசிக்கிறேன்.

கூற்றின் கீழே படைப்பின் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு ஆகியவற்றைத் தனியே கொடுங்கள். அளவில் உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் எழுதுவது ஓவிய உலகின் பரவலான வழக்கம். ‘கலப்பு ஊடகம்’ என்று பொதுவாக எழுதுவதைவிட ‘தாளில் அச்சு மை, பீடி இலை’ என்று பெயர் சொல்லி எழுதுவது நல்லது.

நான் பரதநாட்டிய மாணவி. ஆடிக் காட்டப்போகும் ஒன்றுக்கு என்ன எழுதுவது?

வர்ணமோ பதமோ எதுவாயினும், உருப்படியின் பெயர், இயற்றியவர், இராகம், தாளம் ஆகியவற்றை முதலில் தெளிவாக்குங்கள். நடன அமைப்பு யாருடையது என்பதையும் சொல்லுங்கள். ஆசிரியர் அமைத்துத் தந்ததை ஆடுவதில் குறை ஒன்றுமில்லை. அதைத் தம் அமைப்பாகக் காட்டுவதே குறை. நட்டுவனார், பாடியவர், மிருதங்கம் வாசித்தவர் ஆகியோர் பெயர்களும் இடம்பெற வேண்டும்.

அதன் பிறகு, நீங்களாக எடுத்த ஒரு முடிவைப் பற்றி எழுதுங்கள். ஒரே வரிக்கு நான்கு முறை சஞ்சாரி செய்யும், அதாவது அவ்வரியின் பொருளை அபிநயத்தில் விரித்துக் காட்டும் இடத்தில் மூன்றாவது முறை ஏன் அசையாமல் நின்றீர்கள்? ஜதியின் ஓரிடத்தில் வேகத்தை ஏன் குறைத்தீர்கள்? கலையின் தொன்மையைப் பற்றிய பத்தியை விட்டுவிடுங்கள். அது உங்கள் கூற்றில் இருக்க வேண்டிய செய்தி அன்று, அரங்கில் இருப்பவர்கள் அதை அறிந்துமிருப்பார்கள்.

பிறர் சொன்னதையும் பிறர் படத்தையும் பயன்படுத்தியிருக்கிறேன். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நேர்காணல் தந்தவரிடம், அவர் சொன்னது அச்சில் வரலாம் என்பதைச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். பெயரைத் தவிர்த்தாலும், ‘எங்கள் ஊரின் ஒரே பெண் மேளக் கலைஞர்’ என்று எழுதினால் அவர் யார் என்பது தெரிந்துவிடும். மேலே வந்த பீடிக் கூற்றைப் போலத் தாயைப் பற்றி எழுதுபவரும் அதை முதலில் தாய்க்கு வாசித்துக் காட்ட வேண்டும். இதை நான் ஒரு மரியாதையாகவே சொல்கிறேன். வீட்டுக்குள் நடப்பதை வெளியே வைக்கும் உரிமை எழுதுபவருக்கு மட்டும் உரியதன்று.

இணையத்திலிருந்து சில வரிகளை எடுத்துக்கொள்ளலாமா? செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகள், சுருக்கம், கருதுகோள், முடிவுகள் ஆகிய பகுதிகள் மாணவரின் சொந்தச் சிந்தனையாக இருக்க வேண்டும் என்கின்றன. அதே விதிகள் 10 விழுக்காடு வரையிலான சிறு ஒப்புமைகளுக்குத் தண்டனை இல்லை என்று சொல்வதைக் கேள்விப்பட்டு, சுருக்கத்திலும் அவ்வளவு எடுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது அனுமதி அன்று.

கருவிகளைப் பொறுத்தவரை, உங்கள் அரங்கின் விதியைக் கேட்டறிந்து நடங்கள். எழுத்துப்பிழை பார்க்க அனுமதித்தால் பாருங்கள். உங்கள் ஆய்வை அறியாத கருவியிடம் சுருக்கம் எழுதச் சொன்னால் அது முதல் எடுத்துக்காட்டில் கண்ட பொதுவான பத்தியைத் தரும். அல்லது நீங்கள் காணாத முடிவைச் சேர்த்துவிடும். இரண்டாவது மிகவும் ஆபத்தானது. அரங்கில் அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நீங்கள்.

தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் கேட்கிறார்கள். எதை முதலில் எழுதுவது?

எந்த மொழியில் சிந்தித்தீர்களோ அதில் எழுதுங்கள். பிறகு மற்றதை வரிக்கு வரி மொழிபெயர்க்காமல், அதே செய்திகளைக் கொண்டு புதிதாக எழுதுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து எண்களும் பெயர்களும் ஒத்திருக்கின்றனவா என்று மட்டும் சரிபாருங்கள்.

தமிழில் அனுப்புவோர் ஒருங்குறியிலேயே (யூனிகோட்) தட்டச்சு செய்ய வேண்டும். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆயினும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்றும் வருகின்றன. ஓர் அரங்கின் சுருக்கங்களைத் தொகுத்து அச்சிட்ட மலரில், நல்ல ஆய்வு செய்த மாணவர் ஒருவரின் சுருக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக அச்சாகிவிட்டது. அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் நினைவில் இருக்கிறது. எழுத்துருவை மாற்றிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கோப்பை அனுப்பும் முன் அதை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள்.

சுருக்கம் ஏற்கப்பட்ட பிறகு என் முடிவுகள் மாறிவிட்டன. என்ன செய்வது?

மலர் அச்சுக்குப் போகவில்லையென்றால் ஒருங்கிணைப்பாளருக்கு உடனே எழுதி மாற்றித் தரக் கேளுங்கள், பெரும்பாலும் இசைவார்கள். அச்சாகிவிட்டால், அரங்கில் பேசத் தொடங்கும்போதே, ‘சுருக்கத்தில் 25 மாதிரிகளை வைத்து இவ்வாறு எழுதியிருந்தேன், 60 மாதிரிகளும் முடிந்த பின் அது மாறியுள்ளது’ என்று சொல்லிவிட்டு மாறிய முடிவைக் காட்டுங்கள். காட்சிப் படைப்பிலும் அப்படியே. முப்பது தாள்கள் என்று எழுதிவிட்டு இருபத்தேழை மட்டும் தொங்கவிட்டிருந்தால், படைப்பின் அருகே உள்ள சீட்டில் எண்ணைத் திருத்தி, மூன்று தாள்களை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.